ஆகாய வழியும் அடியார் வழியும்

புதுச்சேரி தட்டாஞ்சாவடியில் வாழும் அன்பர்களுக்கு லாஸ்பேட்டை விமான நிலையம் அண்டை வீடு போன்றது. சில மாதங்கள் ஓய்ந்திருந்த விமானப் போக்குவரத்து 2024 டிசம்பர் 20 அன்று மீண்டும் தொடங்கியது. பெங்களூருக்கும் ஐதராபாத்துக்கும் இன்டிகோ நிறுவனத்தின் விமானங்கள் பறக்கலாயின. "இனித் திருப்பதிக்கும் விமானத்திலேயே போய் வாருங்கள் அப்பா, அலுப்புத் தெரியாது" என்று வெளியூர்ப் பிள்ளைகள் பரிவோடு சொல்வதுண்டு. பரிவு மெய்யானதே. எனினும் கணக்கையும் பார்த்தல் நலம்.

லாஸ்பேட்டை ஓடுபாதையின் நீளம் சுமார் 1,500 மீட்டர் மட்டுமே. ஆதலின் பெரிய ஜெட் விமானங்கள் இங்கு வருவதில்லை. எழுபது, எண்பது பேர் அமரும் சிறு விமானங்களே வந்து போகின்றன.

புதுச்சேரிக்கும் திருப்பதிக்கும் வான்வழியில் நேர்க்கோட்டுத் தூரம் சுமார் 190 கி.மீ. அத்தூரத்தைக் கடக்கச் சிறு விமானத்துக்கு ஒரு மணி நேரம் போதும். ஆனால் மேற்சொன்ன இரு நகரங்களுக்கே விமானம் செல்வதால், இடையில் மாறியாக வேண்டும்; ஐதராபாத் வழியாகச் செல்வதாகக் கொள்வோம். அங்குப் போக 600 கி.மீ., அங்கிருந்து திருப்பதிக்கு 415 கி.மீ.; ஆக ஆயிரம் கி.மீட்டருக்கு மேல். வேங்கடவன் மலையைக் கடந்து வெகுதூரம் வடக்கே போய், மீண்டும் தெற்கே திரும்பி வருவதாகும் இது. பறக்கும் நேரம் மூன்று மணி அளவே. ஆனால் முன்னதாகச் சென்று காத்திருத்தல், இடையில் மாறுதல், ரேணிகுண்டாவில் இறங்கி நகருக்கு வருதல் ஆகியவற்றையும் கூட்டினால் ஏழெட்டு மணி நேரம் ஆகிவிடும்.

சாலை வழியோ சுமார் 230 கி.மீ. கோரிமேடு, திண்டிவனம், வந்தவாசி, காஞ்சிபுரம், அரக்கோணம், திருத்தணி வழியாகக் காரில் ஐந்தாறு மணி நேரத்தில் திருப்பதி அடையலாம். புறப்பட்ட சிறிது தூரத்திலேயே பஞ்சவடியில் 36 அடி உயரப் பஞ்சமுக ஆஞ்சநேயர் காட்சி தருகிறார். காஞ்சியில் வரதரைச் சேவித்து, உண்டு, இளைப்பாறலாம். திருத்தணியில் முருகன் அருள்புரிகிறான். முழங்கால் வலியுள்ளோர் வேண்டிய இடத்தில் வண்டியை நிறுத்திக் காலை நீட்டிக்கொள்ளலாம். விமான நிலையத்தின் நெடிய நடையும் வரிசைகளும் இல்லை.

விமானம் வேண்டாமென்பதன்று இதன் பொருள். காசி யாத்திரைக்கு அதுவே பேருதவி. நேர்க்கோட்டிலேயே 1,500 கி.மீட்டருக்கு அப்பாலுள்ள காசிக்கு ரயிலில் ஒன்றரை நாளுக்கு மேலாகும். பெங்களூரிலோ ஐதராபாத்திலோ விமானம் மாறிச் சென்றால், பெரும்பாலும் ஒரே பகலில் கங்கைக் கரையை அடையலாம். அந்த ஒன்றரை நாள் அலைச்சலுக்கு அஞ்சியே பல முதியோர் காசி ஆசையை மனத்துக்குள் அடக்கிவிடுகின்றனர்.

ஆகவே பயணச்சீட்டு எடுக்குமுன், பறக்கும் நேரத்தை மட்டும் பாராமல், வீட்டு வாசலிலிருந்து சந்நிதி வாசல் வரை ஆகும் நேரத்தைக் கணக்கிடுக. சேமிக்க வேண்டியது நேரத்தினும் மேலாக உடல் வலிமையை. பெருமாள் திருமுன் கண் குளிர நிற்பதற்கு அவ்வலிமை மிச்சமிருக்க வேண்டுமன்றோ!