சுவாதி

அம்மாவின் நட்சத்திரம் சுவாதி. மே மாத இரவொன்றில் மொட்டைமாடியிலிருந்து காட்டினேன்: 37 ஒளியாண்டு தள்ளி ஒரு ஆரஞ்சுப் புள்ளி.

"அதுக்கு நடுவுல ஹைட்ரஜன் தீர்ந்துபோச்சும்மா."

"அப்புறம் எப்படிடா இவ்ளோ வெளிச்சம்?"

ஹைட்ரஜன் எரிந்து மிஞ்சிய ஹீலியம், மையத்தில் தன் எடையாலேயே சுருங்கும், சூடேறும். அந்தச் சூட்டில், அதைச் சுற்றியுள்ள மெல்லிய உறையில் ஹைட்ரஜன் முன்பைவிட மூர்க்கமாக எரியும். நட்சத்திரம் உப்பும். சுவாதி இன்று சூரியனைப்போல் சுமார் 25 மடங்கு அகலம்.

அப்பா போனதிலிருந்து அம்மா ஓயவில்லை. தையல் வகுப்பு, சீட்டு, மாடித்தோட்டம், ஊரில் எல்லாக் கல்யாணமும். "உங்கம்மா நல்லாத் தேறிட்டாங்க" என்றார்கள். தூரத்திலிருந்து நானும் அப்படித்தான் நம்பினேன்.

அம்மாவுக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. மறுநாள் ரயில் டிக்கெட்டை ரத்து செய்தேன்.