தறிக்குழியில் ஒரு விஷ ஃபேக்டரி!

உங்க வீட்டுக்குள்ள சொறித்தவளை வந்தா என்ன பண்ணுவீங்க? துடைப்பத்தைத் தேடுவீங்கதானே? வெயிட்!

போன ஐப்பசி மழையில எங்க வீட்டுத் தறிக்குழியில ஒண்ணு குடிவந்துச்சு. காஞ்சிபுரத்துல நெசவு வீடுகளுக்கு இது புதுசில்ல. எங்க நாய்க்குட்டி மணிக்குத்தான் புதுசு. கவ்வுச்சு... அடுத்த நிமிஷம் வாயெல்லாம் நுரை! ஈரத்துணியால வாயைத் துடைச்சுக்கிட்டே கால்நடை டாக்டர்கிட்ட ஓடினோம். மணி பிழைச்சுட்டான்.

திரும்பி வந்தா, துடைப்பத்தோட பாட்டி. "தேரை மோந்தா தேங்காயே வத்திப்போகும். அடிச்சுப் போடுடா!"

கை ஓங்கினப்போ எனக்குள்ள இருந்த இன்ஜினீயர் குறுக்கே வந்தான். இத்தனை விஷத்துக்கு ரா மெட்டீரியல் எங்கிருந்து வருது? தேடித் தேடிப் படிச்சேன்.

தென் அமெரிக்காவுல அம்புத் தவளைன்னு கலர் கலரா ஒரு கூட்டம் இருக்கு. அதுங்களுக்கு விஷம் இரவல் சரக்கு. தின்கிற எறும்பு, உண்ணியிலிருந்து எடுத்து தோல்ல சேர்த்துக்கும். பிறந்ததுலேர்ந்து கூண்டுல வளர்த்து, பழ ஈ மட்டும் போட்டா விஷமே இருக்காது! நம்ம காஞ்சிபுரமும் அப்படித்தான். பட்டு நூல் கர்நாடகாவுலேர்ந்து, ஜரிகை சூரத்துலேர்ந்து. லாரி வரலைன்னா தறி நிக்கும்.

தேரை பட்டுப்புழு கட்சி. மல்பெரி இலையில பட்டு கிடையாது. புழுதான் அதைத் தின்னு பட்டா மாத்துது. தேரைக்கு மூலப்பொருள் என்ன தெரியுமா? கொலஸ்ட்ரால்! பாட்டி மாத்திரை போட்டுக் குறைக்கிறாங்களே, அதேதான். 1957-ல அமெரிக்காவுல, கதிரியக்க அடையாளம் போட்ட கொலஸ்ட்ராலை ஒரு பெரிய தேரைக்குக் கொடுத்துப் பார்த்தாங்க. அந்த அடையாளம் விஷத்துல வந்து நின்னுச்சு. உடம்புக்குள்ளயே செஞ்ச அந்தச் சரக்கு, கண்ணுக்குப் பின்னாடி புடைப்பா இருக்கிற சுரப்பியில ஸ்டாக் ஆகுது. கடிச்சவங்க உடம்புல இதயத் தசையோட சோடியம்-பொட்டாசியம் பம்ப்பை அது நிறுத்தும். அதனாலதான் நாய்க்கு அது உயிர்ப் பிரச்னை.

ஆனா, தேரை தேடி வந்து கடிக்காது. கவ்வி அமுக்கினாதான் விஷம் கசியும். தப்பு மணி மேல!

பாட்டிகிட்ட சொன்னேன். "என் உடம்புல இருக்கிறதேதானா அதுக்கும்?"னு கேட்டுட்டு, துடைப்பத்தைக் கீழே வெச்சாங்க. முறத்துல ஏத்தி, தோட்டத்துல விட்டோம்.

உங்க வீட்டுக்கு வந்தாலும் அதையே பண்ணுங்க. கையை சோப்பு போட்டுக் கழுவுங்க. நாய் கவ்விட்டா வாயைத் துடைச்சு, உடனே டாக்டர்கிட்ட ஓடுங்க. துடைப்பம்? அது வீடு பெருக்க மட்டும் பாஸ்!