விண்கப்பற் கதைகளும் எம் ஆச்சியும்

தொல்காப்பிய உரையைக் கையிலேந்தியவாறே உறங்கிவிடும் மாணவர் எம் வகுப்பிற் பலர் உளர். யாமோ அவ்வுரையை மூடி வைத்துவிட்டு, விண்வெளியில் உலவும் கப்பலொன்றின் கதைகளைக் கண்டு நள்ளிரவுவரை விழித்திருக்கும் இயல்பினோம். இக்குற்றத்தை எம் பேராசிரியப் பெருமக்கள் முன்னரே அறிவராதலின் ஈண்டு அதனை மறைத்தலாற் பயனில்லை. தமிழ் பயில்வார்க்கு இஃது எற்றுக்கு என வினவும் அன்பர்க்கு யாம் கூறும் விடை இதுவே: கதை எந்நாட்டதாயினும் கதையே, அதனை நிறுத்துப் பார்க்கும் உரிமை அதனைக் கேட்டார் எவர்க்கும் உண்டு.

யாம் குறிக்கும் தொடர் 'ஸ்டார் டிரெக்' என்பது. அமெரிக்க நாட்டு ஜீன் ராடன்பெரி என்பார் படைத்தது. 1966ஆம் ஆண்டு செப்டம்பர் 8ஆம் நாள் என்.பி.சி. தொலைக்காட்சியில் தொடங்கி, 1969ஆம் ஆண்டு ஜூன் 3ஆம் நாளோடு முடிவுற்றது. மூன்று பருவங்கள், 79 கதைகள். அப்பெயரைத் தாங்கிப் பின்னர்ப் பல தொடர்கள் எழுந்தன. அவற்றை யாம் இங்குத் தொடுவதில்லை. எண்டர்பிரைஸ் என்னும் கப்பலின் தலைவர் கிர்க். அவர்க்கு அடுத்த அதிகாரி, உணர்ச்சியை அடக்கி அறிவொன்றையே போற்றும் வல்கன் குலத்திற் பிறந்த ஸ்பாக். அவருடைய தாய் மட்டும் மானிடப் பெண். மூன்றாமவர் மக்காய் என்னும் முன்கோபக்கார மருத்துவர். இவர்கள் கோள்தோறும் சென்று காண்பனவே கதைகள். பாறைகளிற் பல மெய்ப்பாறைகளல்ல என்பது முதற்பார்வையிலேயே புலப்பட்டுவிடும். கப்பலைக் கோள்தோறும் இறக்கிக் காட்டப் பொருள் போதாமையால், ஆட்களை ஒளியாக்கி இறக்கும் கருவியொன்றைப் புனைந்துகொண்டனராம். அக்கருவியே பின்னாளில் தொடரின் பெரும்புகழாயிற்று.

எம் விடுதி அறைத்தோழர் இயற்பியல் மாணவர். அவருடைய மடிக்கணினியில் எல்லாக் கதைகளையும் ஓராண்டில் இருவரும் கண்டு முடித்தோம். முடித்தபின் அவற்றைத் தரவரிசைப்படுத்தி ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினோம். அத்தாளினால் விளைந்த பூசல்களை எழுதப் புகின் இச்சஞ்சிகை போதாது. கதைப் பெயர்களை இங்கு யாம் தமிழ்ப்படுத்தியே தருகின்றோம்.

கடைசி இடத்தைப் பற்றி மட்டும் பூசல் இல்லை. அது 'ஸ்பாக்கின் மூளை' என்பதற்கே உரியது. வேற்றுலகப் பெண்ணொருத்தி ஸ்பாக்கின் மூளையைக் களவாடிச் செல்ல, மூளையற்ற அவ்வுடலைப் பொத்தான்களையுடைய கருவியொன்றால் நடத்திக்கொண்டு நண்பர்கள் அம்மூளையைத் தேடிப் புறப்படுகின்றனர். தொடர் நின்றுவிடுமென அஞ்சிய அன்பர்கள் கடிதங்களாற் போராடிப் பெற்ற மூன்றாம் பருவத்தின் முதற்கதை, 1968 செப்டம்பர் 20ஆம் நாள் ஒளிபரப்பாகியது, இதுவே. கடிதம் எழுதிக் கைசோர்ந்தவர்கள் அவ்விரவில் என்ன எண்ணியிருப்பர் என்று யாம் பன்முறை வியந்ததுண்டு.

'அப்பமும் களியாட்டும்' என்னும் கதையை யாம் மிக உயர்த்துவோமென அறைத்தோழர் எதிர்பார்த்தார். உரோமப் பேரரசு அழியாது இருபதாம் நூற்றாண்டுவரை நிலைபெற்ற ஓர் உலகில், அடிமைகள் சிலர் சூரியனை வணங்குவதாகக் கப்பலார் கருதுகின்றனர். கதையின் இறுதியில், செய்தித்தொடர்பு அதிகாரியாகிய ஊரா அம்மையார், அவர்கள் வணங்குவது வானத்துச் சூரியனையன்று, தேவகுமாரனையே என்று விளக்குகின்றார். ஆங்கிலத்தில் 'சூரியன்', 'குமாரன்' என்னும் இரு சொற்களும் ஓசையால் ஒன்றாதலின் நேர்ந்த மயக்கம் அது. சிலேடை என்ற அளவில் எமக்கு மகிழ்ச்சியே. ஆயினும் கதை முழுதும் வாட்போரிற் கழிந்தபின், இச்சிலேடை வாலிற் கட்டிய மணிபோல் வந்து தொங்குகின்றது. எம் சமயத்தைப் புகழ்ந்தது என்பதற்காக மதிப்பெண் கூட்டுதல் நேர்மையாகாது எனக் கருதி, அதற்கு நாற்பதாம் இடமே அளித்தோம்.

'அச்சத்தின் சமநிலை' (1966 டிசம்பர் 15) இருவர்க்கும் உடன்பாடானது. கப்பலின் வழிபாட்டறையில் ஒரு திருமணம் தொடங்குகின்றது, மணமக்கள் நிற்கின்றனர், அபாய ஒலி எழுகின்றது, திருமணம் நின்றுவிடுகின்றது. கண்ணுக்குப் புலனாகாது மறைந்து வரும் பகைக் கப்பலோடு போர். பகைவர் தலைவனாக நடித்த மார்க் லெனார்ட், இரு தலைவரும் வேறு சூழலிற் கண்டிருப்பின் நண்பராயிருப்போம் என்னும் பொருள்படப் பேசிவிட்டுத் தன் கப்பலைத் தானே அழித்துக்கொள்கின்றான். இருவரும் ஒருவரோடொருவர் பேசுவது அந்த ஒரு முறையே. எண்டர்பிரைஸில் மாண்டவன் ஒருவனே, அவனே மணமகன். கிர்க் வழிபாட்டறைக்குச் சென்று மணமகள் முன் நிற்கின்றார். அவர் கூறும் ஆறுதலுரை எமக்கு நினைவில் இல்லை. சொல்லியபின் தாழ்வாரத்தில் அவர் தனியே நடந்து செல்வதே நினைவில் நிற்கின்றது.

முதலிடம் எதற்கு என்பதிலும் எமக்குள் வேற்றுமை இருந்ததில்லை. உலகிற் பலரும் போற்றும் 'என்றென்றைக்குமான விளிம்பில் ஒரு நகர்' என்னும் கதையே அது. ஹார்லன் எல்லிசன் எழுதியது. 1967 ஏப்ரல் 6ஆம் நாள் ஒளிபரப்பானது. மறு ஆண்டில் ஹியூகோ பரிசும் பெற்றது. மருந்தின் கொடுமையால் மதிமயங்கிய மக்காய் காலத்தின் வாயில் வழியே பண்டைக்காலத்துட் பாய்ந்து, எதனையோ மாற்றிவிடுகின்றார். உடனே எண்டர்பிரைஸ் இல்லாதொழிகின்றது. அவரைத் தேடிக் கிர்க்கும் ஸ்பாக்கும் 1930ஆம் ஆண்டின் நியூயார்க் நகரிற் புகுகின்றனர். பஞ்சமும் வேலையின்மையும் மலிந்த அந்நகரில் ஈடித் கீலர் என்னும் நங்கை ஏழைகட்கு உணவிடும் இல்லமொன்றை நடத்துகின்றாள். கிர்க் அவள்பாற் காதல் கொள்கின்றார். ஸ்பாக்கோ, பழைய வானொலிக் குழல்களைக் கொண்டு அமைத்த கருவியில் இருவேறு வரலாறுகளைக் காண்கின்றார். ஒன்றில் அவள் அவ்வாண்டே வீதியில் வண்டி மோதி இறக்கின்றாள். மற்றொன்றில் அவள் பிழைத்துச் சமாதான இயக்கமொன்றை வளர்க்கின்றாள், அதனால் அமெரிக்கா போரிற் புகுவது தாமதமாகின்றது, ஹிட்லர் வெல்கின்றான். எனவே அவள் இறந்தே தீரவேண்டும். இறுதியில் அவள் வீதியைக் கடக்கும்போது வண்டி வருகின்றது. காப்பாற்ற ஓடும் மக்காயைக் கிர்க் இறுகப் பற்றி நிறுத்திவிடுகின்றார். அக்காட்சியை முதன்முறை கண்ட இரவில் எம் அறைத்தோழரும் யாமும் நெடுநேரம் ஒன்றும் பேசிலோம்.

கோடை விடுமுறையில் இக்கதையை எம் ஆச்சிக்குக் காட்டினோம். தந்தையாரின் தாயாராகிய அவர்க்கு ஆங்கிலம் தெரியாது. ஆதலின் நிறுத்தி நிறுத்திப் பொருள் கூறினோம். காலத்தின் வாயிலை அவர் எளிதில் ஏற்றுக்கொண்டார். ஸ்பாக்கின் கூரிய செவிகளைத்தான் ஏற்கவில்லை. ஈடித்தை அவர்க்கு மிகவும் பிடித்துப்போயிற்று. தேரிக்காட்டுக் கரையிலுள்ள எம் ஊர்க்கோயிலில், அசனப் பண்டிகைதோறும் நாற்பதாண்டுக் காலம் சோற்றுப் பானைகளின் நடுவே நின்றவர் எம் ஆச்சி. ஈடித் முதலிற் கூழை ஊற்றிவிட்டுப் பின்னர்ப் பேசத் தொடங்கியது கண்டு, "சோறு முதலில், பிரசங்கம் பிறகு, சரியாகத்தான் செய்கிறாள்" என்றார்.

வண்டி மோதிய காட்சி முடிந்தது. யாம் ஆச்சியின் முகத்தை நோக்கினோம். கண்ணீரை எதிர்பார்த்தோம் என்பதே உண்மை. அவர் கண்ணீர் விடவில்லை. சிறிது நேரம் சென்று, "அந்தப் பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா, ராசா?" என்றார்.

"எதை ஆச்சி?"

"நீ இருந்தால் இத்தனை பேர் சாவார்கள் என்று. அவளிடம் சொன்னார்களா?"

சொல்லவில்லை. கிர்க் சொல்லவில்லை, ஸ்பாக் சொல்லவில்லை. இக்கதையை யாம் ஐந்துமுறை கண்டிருந்தும் இவ்வினா எமக்கு எழவேயில்லை. இரு ஆடவரும் மாடியறையில் அமர்ந்து அவளுடைய சாவைப் பற்றித் தம்முள் ஆராய்கின்றனர். படிக்கட்டில் அவள் ஒருமுறை தடுக்கி விழப்போகுங்கால் கிர்க் தாங்கிக்கொள்கின்றார். அதற்கும் ஸ்பாக் அவரைக் கடிந்துகொள்கின்றார். அவளோ கீழே பாத்திரம் கழுவுவோரோடு நின்றுகொண்டிருக்கின்றாள்.

அன்றிரவே கைபேசியில் அறைத்தோழரை அழைத்து இதனைக் கூறினோம். அவர் சினந்தார். "சொல்லியிருந்தால் அவள் நம்பியிருப்பாளா? நம்பினாலும் வரலாறு வேறொரு வகையிற் பிறழாதா? காலத்தைத் திருத்த வந்தவர்கள் மேலும் குழப்பலாமா?" என்றார். இவ்வாதத்தில் வலிவு இல்லாமலில்லை. ஆயினும் எமக்கு அமைதி பிறக்கவில்லை. மனிதர் விண்மீன்களிடையே செல்லும் நாள் வருமென்று பசித்தவரிடம் பேசியவள் அவள். அவளிடம் உண்மையைச் சொல்லியிருப்பின், தானே அவ்வண்டியின் முன் நடந்திருப்பாள் என்றே யாம் கருதுகின்றோம். ஒருவர் பலர்க்காக மாண்ட வரலாற்றை நாள்தோறும் படிக்கும் சமயத்திற் பிறந்தவர்கள் யாம். அங்கு உயிர் ஈயப்பட்டது; இங்கு எடுக்கப்பட்டது. கிர்க்கின் துயரை எத்துணை அழகாகக் காட்டினும், துயர் அவர்க்கும் சாவு அவட்குமாகவே முடிகின்றது.

இரண்டு நாள் கழித்து 'இருளிற் பிசாசு' என்னும் கதையை வைத்தோம். ஜீன் கூன் எழுதியது. 1967 மார்ச் 9ஆம் நாள் ஒளிபரப்பானது. எம் தாளில் அது ஒன்பதாம் இடத்தில் இருந்தது. ஒரு சுரங்கத்தில் பாறையைக் கரைத்து வழிசெய்துகொண்டு உலவும் உயிரொன்று தொழிலாளரைக் கொல்கின்றது. நம்மைப்போல் கரியால் அமைந்த உடலன்று அதற்கு, சிலிக்கனால் அமைந்தது. கிர்க் அதனைக் கொல்லவேண்டுமென்கிறார்; ஸ்பாக் இயலுமாயின் காக்கலாமென்கிறார். பின்பு கிர்க் தனியே அவ்வுயிரின் எதிரில் அகப்படுகின்றார். அப்போது ஸ்பாக், நண்பரின் உயிருக்கு அஞ்சி, "கொன்றுவிடுக" என்று கூவுகின்றார். கிர்க்கோ, அது தம்மைத் தாக்காமை கண்டு தயங்குகின்றார். இருவரும் தத்தம் நிலையை மாற்றிக்கொள்ளும் இவ்விடம், அறைத்தோழரின் சொற்படி, 79 கதைகளிலும் சிறந்த இரண்டு நிமிடமாகும். பின்னர் ஸ்பாக் அருகே சென்று அதன் மனத்தோடு தம் மனத்தை இணைத்து வினவுகின்றார். அதன் நோவு அவர் வாயில் அலறலாக வெளிப்படுகின்றது.

சுரங்கமெங்கும் கிடந்த உருண்டைக் கற்களைத் தொழிலாளர் பயனற்றவையென உடைத்து எறிந்திருந்தனர். அவற்றுள் ஒன்று மேசைமேல் இருப்பது காட்டப்பட்டபொழுதே, ஸ்பாக் வாய்திறக்கு முன்னரே, எம் ஆச்சி "ஐயோ, அது முட்டையல்லவா" என்றார். முட்டையே. தன் இனம் முழுதும் மடிந்தபின் முட்டைகளைக் காக்க எஞ்சிய ஒரே தாய் அவ்வுயிர். அதன் காயத்தை மருத்துவர் சுவர் பூசும் சாந்தினால் அடைக்கின்றார். அவ்வுருவினுள் இருந்து நடித்தவர் ஜானோஸ் புரோஹஸ்கா என்பார். பார்வைக்குக் கம்பளத்தின்மேற் கொட்டிய கூழ்போல் இருக்கும். இப்படப்பிடிப்பு நிகழுங்கால்தான் கிர்க்காக நடித்த வில்லியம் ஷாட்னரின் தந்தையார் காலமானார். அச்செய்தியை அறிந்தபின் அக்காட்சிகளை முன்போல் எம்மாற் காண இயலவில்லை.

இக்கதையை முதலிடத்துக்கு உயர்த்தத் துணிந்தோம். இதனிலும் ஐயங்கள் உண்டு. சுரங்கத்தார் அத்துணை விரைவில் மனம் மாறுவது நம்பத் தக்கதன்று. ஆயினும் இங்கு ஒருவர் அருகே சென்று கேட்கின்றார்.

இதற்குமேல் எழுதுவது கதையைப் பற்றியதன்று. ஆயினும் எழுதாவிடில் யாம் ஏன் வரிசையை மாற்றினோம் என்பது விளங்காது. சென்ற ஆண்டில் ஆச்சி ஊரிலுள்ள வீட்டு முற்றத்தில் ஒருமுறை விழுந்துவிட்டார். அவரை நகருக்கு அழைத்து வருவதென்றும், அவ்வீட்டை விற்பதென்றும் தந்தையாரும் சிற்றப்பன்மாரும் கூடத்தில் அமர்ந்து முடிவு செய்தனர். அவர் நலத்தையன்றி வேறொன்றையும் அவர்கள் எண்ணவில்லை. ஆச்சி அப்போது அடுக்களையில் எல்லார்க்கும் காப்பி கலந்துகொண்டிருந்தார். யாமும் கூடத்தில்தான் இருந்தோம். காப்பியை வாங்கிக் குடித்தோம்.

விடுமுறை முடிந்து விடுதிக்குத் திரும்பும் நாளுக்கு முந்திய இரவில், "ஆச்சி, வீட்டை விற்றபோது உங்களிடம் ஒருவரும் கேட்கவில்லையே" என்றோம்.

அவர் வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தார். "கேட்டிருந்தால் சரியென்றுதான் சொல்லியிருப்பேன், ராசா" என்றார்.

விடுதிக்கு வந்ததும் சுவரில் இருந்த தாளில் முதலிடத்தை அடித்து எழுதினோம். மறுநாட் காலையில் அறைத்தோழர் அதனைப் பென்சிலால் அடித்துப் பழையபடி எழுதியிருந்தார். இன்றுவரை அத்தாளில் முதல் வரி ஒன்பது முறை அடித்து எழுதப்பட்டுள்ளது; எழுதுதற்கு இனி இடமில்லை. இது குறித்து வேறு அபிப்பிராயம் உடைய அன்பர்கள், மாலைச் செபத்திற்குப் பின் எம் அறைக்கு வருவாராயின், புதுத்தாளொன்று கொண்டு வருவாராக.