அண்ணனைப் பேட்டி எடுத்த தம்பி

"அண்ணா, சொந்தபந்தம் இருக்கிறவங்க செய்தி எழுதக் கூடாதா?"

படிப்பு வட்டம் முடிந்து பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது ஒரு தங்கை கேட்டாள். இதழியல் படிக்கிறாள். பயிற்சிக்குப் போன இடத்தில், தன் ஊர்க் காலனிக்கு மூன்று வாரமாகத் தண்ணீர் வராததைப் பற்றி எழுத அனுமதி கேட்டிருக்கிறாள். "நீ அந்தக் காலனிப் பொண்ணு. ஒருதலைப்பட்சமா ஆயிடும்" என்று சொல்லி வேறொருவரை அனுப்பிவிட்டார்கள். போனவரும் அதே ஊர்தான். ஊர்த்தெருக்காரர். அவருக்கு மட்டும் எந்தப் பட்சமும் இல்லையாம்.

அன்று நான் அவளுக்குச் சொன்னது ஒரு தொலைக்காட்சித் தொகுப்பாளரின் கதை. உங்களுக்கும் சொல்கிறேன்.

அமெரிக்காவில் சிஎன்என் தொலைக்காட்சியில் இரவு ஒன்பது மணி நிகழ்ச்சி நடத்தியவர் கிறிஸ் குவோமோ. 1970-இல் பிறந்தவர். அப்பா மரியோ குவோமோ, 1983 முதல் 1994 வரை நியூயார்க் மாநில ஆளுநர். அங்கே ஆளுநர் என்றால் நம் ஊர் ஆளுநரைப் போல நியமனப் பதவி அல்ல. மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பது. நம் முதலமைச்சருக்கு நிகரானது. 2011-இல் கிறிஸின் அண்ணன் ஆண்ட்ரூவும் அதே நாற்காலியில் அமர்ந்தார்.

பரம்பரையாக ஆண்ட குடும்பம் என்று நினைக்காதீர்கள். தாத்தா இத்தாலியிலிருந்து பிழைக்க வந்து, குயின்ஸ் பகுதியில் மளிகைக் கடை வைத்தவர். 1984-இல் ஜனநாயகக் கட்சி மாநாட்டில், அதிபர் ரீகன் பெருமையாகக் காட்டும் ஒளிவீசும் நகரத்துக்குள் ஏழைகளின் இன்னொரு நகரமும் இருக்கிறது என்று உரக்கச் சொன்னவர் மரியோ. அந்த உரையை மதிப்பவன் நான். ஆனால் அடுத்த தலைமுறைக்குள் அதிகாரம் வீட்டுச் சொத்தாகிவிட்டது.

கிறிஸ் சட்டம் படித்தார். பிறகு ஏபிசி தொலைக்காட்சியில் செய்தியாளர், காலை நிகழ்ச்சியில் செய்தி வாசிப்பவர் என வளர்ந்து, 2013-இல் சிஎன்என்னுக்கு வந்தார். உழைப்பாளிதான், திறமை இல்லாதவர் அல்ல. அந்த ஆண்டு ஒருமுறை அண்ணனைப் பேட்டி எடுக்க, விமர்சனம் எழுந்தது. இனி அண்ணனைப் பற்றிய செய்தியைத் தொடக்கூடாது என்று நிறுவனம் விதி வைத்தது. நல்ல விதி.

2020 மார்ச்சில் கொரோனா வந்தது. விதி ஓரமாகப் போனது. ஆளுநர் அண்ணன் பலமுறை தம்பியின் நிகழ்ச்சிக்கு வந்தார். அம்மாவுக்கு யார் செல்லப்பிள்ளை என்று நேரலையில் சண்டை. அண்ணனின் மூக்கைக் கேலி செய்ய மிகப் பெரிய சளி எடுக்கும் குச்சியைக் கொண்டுவந்து காட்டினார் தம்பி. ஊரடங்கில் வீட்டுக்குள் கிடந்த நானும் கைப்பேசியில் அந்தத் துண்டுகளைப் பார்த்துச் சிரித்தேன். பாசக்காரக் குடும்பம் என்று நினைத்துக்கொண்டேன்.

அதே மார்ச்சில்தான், கொரோனா என்ற ஒரே காரணத்துக்காக நோயாளிகளைத் திருப்பி அனுப்பக் கூடாது என்று அந்த மாநில அரசு முதியோர் பராமரிப்பு இல்லங்களுக்கு உத்தரவு போட்டிருந்தது. அந்த இல்லவாசிகளின் சாவு எண்ணிக்கை 50 விழுக்காடு வரை குறைத்துக் காட்டப்பட்டிருக்கலாம் என்று மாநிலத் தலைமை வழக்கறிஞர் லெட்டிஷியா ஜேம்ஸின் அறிக்கை 2021 ஜனவரியில் சொன்னது. ஆளுநரை மடக்கிக் கேட்டிருக்க வேண்டிய நாற்காலியில் தம்பி உட்கார்ந்திருந்தார்.

பிறகு பெண்கள் பேசத் தொடங்கினார்கள். ஆளுநர் பாலியல் ரீதியாகத் துன்புறுத்தினார் என்று ஒருவர் பின் ஒருவராகச் சொன்னார்கள். 2021 மார்ச்சில் கிறிஸ் திரையில் வந்து, அவர் என் அண்ணன், அதனால் இந்தச் செய்தியை நான் கையாள முடியாது என்றார். கவனியுங்கள் தோழர்களே. புகழ் வந்தபோது தடையாகத் தெரியாத அதே ரத்த உறவு, புகார் வந்ததும் தடையாகிவிட்டது.

திரையில்தான் விலகினார். திரைக்குப் பின்னால், அண்ணனைக் காப்பாற்ற வியூகம் வகுத்த ஆலோசனைகளில் இருந்தார். ஆகஸ்டில் ஜேம்ஸின் விசாரணை அறிக்கை, ஆளுநர் 11 பெண்களைத் துன்புறுத்தினார் என்றது. ஆண்ட்ரூ மறுத்தார், ஆனாலும் பதவி விலகினார். நவம்பரில் விசாரணை ஆவணங்கள் வெளியாயின. புகார் சொன்ன பெண்கள் யார், அடுத்து எந்தப் பத்திரிகையில் என்ன வரப்போகிறது என்று தன் பத்திரிகைத் தொடர்புகள் மூலம் விசாரித்து அண்ணனின் ஆட்களுக்குக் கிறிஸ் தகவல் தந்தது தெரியவந்தது. அண்ணனுக்கு உதவினேன், செய்தியை மாற்ற முயலவில்லை என்பது அவர் பதில். டிசம்பர் 4 அன்று சிஎன்என் அவரை நீக்கியது.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். லெட்டிஷியா ஜேம்ஸ் நியூயார்க் மாநில அளவிலான பதவிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் கறுப்பினப் பெண். 2018 தேர்தலில் அவரை ஆதரித்தவர் இதே ஆண்ட்ரூ. நன்றிக்கடன் என்று அவர் கோப்பை மூடி வைக்கவில்லை.

கிறிஸ் 2022-இல் வேறொரு தொலைக்காட்சியில் நிகழ்ச்சி நடத்தத் தொடங்கினார். ஆண்ட்ரூ 2025-இல் நியூயார்க் நகர மேயர் பதவிக்கு நின்று தோற்றார். அப்படிப்பட்ட குடும்பத்தில் விழுந்தவர்களுக்கு எழுந்து நிற்க இன்னொரு மேடை கிடைத்துவிடுகிறது.

தங்கையிடம் சொன்னேன்: சொந்தம் இருப்பது குற்றமில்லை. அந்தச் சொந்தம் யாரைக் காப்பாற்றுகிறது என்பதுதான் கேள்வி. உன் சொந்தம் குடத்தோடு நிற்கிறது. அவர் சொந்தம் மாநிலத்தையே ஆண்டது. நீ எழுது. நான் இந்தக் காலனிக்காரி என்று முதல் வரியிலேயே எழுது. தண்ணீர் திறந்துவிடுபவரையும் ஊராட்சித் தலைவரையும் கேட்டு, அவர்கள் சொன்னதையும் எழுது.

அவளுக்குச் சொல்லாமல் விட்ட ஒன்றை இங்கே எழுதுகிறேன். நம் இயக்கங்களிலும் தலைவர்களை அண்ணன் என்றுதான் கூப்பிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் அமைப்பில் ஒரு மூத்த தோழர் மீது ஒரு பெண் புகார் கொடுத்தார். அன்றிரவு நான் நான்கு பேருக்குப் போன் போட்டேன். அந்தப் பெண் யார், பின்னால் இருப்பது யார், வேறு யாரிடம் சொல்லியிருக்கிறார் என்று விசாரித்தேன். என்ன நடந்தது என்று அவரிடம் கேட்கவேயில்லை. இயக்கத்தைக் காப்பாற்றுகிறேன் என்று நம்பினேன். அவர் அமைப்பை விட்டே போய்விட்டார்.

கிறிஸ் குவோமோ செய்ததைப் படித்தபோது எனக்கு அந்த நான்கு போன்கள்தான் நினைவுக்கு வந்தன. அவரிடம் தொலைக்காட்சி இருந்தது, என்னிடம் இல்லை. செய்த வேலை ஒன்றுதான்.

சாதி நமக்கு மறுத்த நாற்காலிகளைக் கேட்டுப் போராடுகிறோம்; போராடுவோம். அதில் உட்காரும் நாளில் நம் அண்ணன்களையும் நாம் கேள்வி கேட்க வேண்டும். என்னையும் அந்தத் தங்கை அண்ணா என்றுதான் அழைக்கிறாள்.

ஜெய் பீம்.