சாலை வடிவமைப்பும் நகரத்தின் பொறுப்பும்

நியூயார்க்கின் புரூக்ளினில் உள்ள கெரிட்சன் அவென்யூவில் 2004 டிசம்பரில், மணிக்கு 30 மைல் மட்டுமே அனுமதிக்கப்பட்ட இடத்தில் 54 மைல் வேகத்தில் வந்த கார், மிதிவண்டியில் சாலையைக் கடந்த 12 வயதுச் சிறுவன்மீது மோதியது. அகலமாக நேரே நீளும் அச்சாலையில் வண்டிகள் கட்டுமீறிப் பாய்வதைப் பற்றிக் குடியிருப்போர் முன்பே முறையிட்டிருந்தும், நகர நிர்வாகமே வேகமீறலை அளந்து அறிந்திருந்தும், வேகத்தணிப்பு ஏற்பாடுகள், அதாவது சாலையைக் குறுக்கியோ மேடிட்டோ ஓட்டுநரைத் தாமாகவே மெதுவாகச் செல்லவைக்கும் அமைப்புகள், அங்கே பலன் தருமா என்று அது ஆராயவே இல்லை. போதிய ஆய்வுக்குப் பின் எடுத்த சாலைத் திட்ட முடிவுகளுக்குச் சட்டம் தரும் வழக்குக் காப்பு அதனாலேயே நகரத்துக்குக் கிட்டவில்லை; 40 விழுக்காட்டுப் பொறுப்பை அதன்மீது சுமத்திய ஜூரியின் முடிவை மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றம் 2016இல் உறுதிசெய்தது. ஆபத்தை அறிந்திருந்த நிர்வாகம் ஓட்டுநரை மட்டும் கைகாட்டித் தப்ப இடமளிக்காத அந்தத் தீர்ப்பு முற்றிலும் நியாயமானது.