பைக்குக் கணக்கு உண்டு, தொட்டிக்கு இல்லை

சென்னை கொளத்தூரில் வண்ணமீன் கடைகள் இருக்கும் தெருக்கள் விடிவதற்கு முன்பே ஈரமாகிவிடுகின்றன. ரெட்டேரிப் பக்கமிருந்து உள்ளே திரும்பினால் பாதி ஏறிய ஷட்டர்கள், அவற்றின் முன்னே தெர்மாகோல் பெட்டிகள், சுவரில் சாய்த்த ஆக்ஸிஜன் சிலிண்டர்கள். திருவள்ளூர் மாவட்டத்துப் பண்ணைகளிலிருந்து கப்பி, மோலி, ஏஞ்சல், கோல்டு ஃபிஷ் எல்லாம் வந்து இறங்குகின்றன. இங்கே பிரித்து, எண்ணி, மறுபடியும் கட்டி வெளியூர்களுக்கு அனுப்புகிறார்கள். ஒரு தொட்டியில் எத்தனை மீன் விட்டால் அவை துன்பமில்லாமல் வாழும் என்று இந்தத் தொழிலில் இருப்பவர்களிடமே கேட்கலாம் என்று போயிருந்தேன்.

தெளிவான பதில் முதலாளிகளிடமிருந்து வரவில்லை. பேக்கிங் மேசையில் நின்ற பையனிடமிருந்து வந்தது.

அவன் வேலையைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். பையின் அடி மூலைகள் இரண்டையும் முதலில் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிவிடுகிறான். இல்லாவிட்டால் மீன் மூலையில் சிக்கி நசுங்கும். மூன்றில் ஒரு பங்கு தண்ணீர். வலையில் அள்ளிய மீனைப் பார்வையாலேயே எண்ணி விடுகிறான். பையை அமுக்கி உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றிவிட்டு, சிலிண்டர் குழாயால் ஆக்ஸிஜன் நிரப்பி, வாயை முறுக்கி மடித்து இறுக்குகிறான். முந்தின நாளிலிருந்தே அந்த மீன்களுக்குத் தீனி கிடையாது. தின்றால் பைக்குள்ளேயே கழிவு சேரும், அந்தக் கழிவே விஷம்.

“ஒரு பைக்கு எத்தனை?” என்றேன்.

“எந்த ஊருக்குண்ணா?” என்று திருப்பிக் கேட்டான். “தாம்பரம்னா ஒரு கணக்கு. ராத்திரி பஸ்ல மதுரை போகுதுன்னா பாதிதான். மே மாசம்னா அதுலயும் குறைக்கணும்.”

“கூடப் போட்டா?”

“காலையில போன் வரும்ணா. செத்ததுக்கு நாமதான் காசு திருப்பித் தரணும்.”

பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவன் சொன்ன இந்தப் பதிலில் பயண நேரம், வெயில் இரண்டும் இருந்தன. 25 டிகிரி தண்ணீர் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்குச் சற்றுக் கூடுதலான ஆக்ஸிஜனைக் கரைத்து வைத்துக்கொள்ளும். 30 டிகிரியில் அது சுமார் 7.5 ஆகிவிடும். அதே சூட்டில் மீனுக்கு வேண்டிய ஆக்ஸிஜனோ கூடுகிறது. சென்னைக் கோடையில் தண்ணீரின் வரவும் மீனின் செலவும் எதிரெதிர்த் திசையில் ஓடுகின்றன.

அடுத்து கல்லாப் பக்கம் போய் நின்றேன். சின்னப் பையனோடு வந்த தம்பதி இரண்டடித் தொட்டி ஒன்றை எடுத்து வைத்திருந்தார்கள். வாஸ்துப்படி ஒன்பது கோல்டு ஃபிஷ் வேண்டும், எட்டுச் சிவப்பு, ஒன்று கறுப்பு. கடைக்காரர் பிடித்துக் கொடுத்தார். எத்தனை நாள் இதில் இருக்கப்போகின்றன, வளர்ந்தால் எவ்வளவு ஆகும் என்ற பேச்சே எழவில்லை. மதுரைக்குப் போகும் ஓரிரவுப் பயணத்துக்கு அவ்வளவு கணக்கு. ஆயுள் முழுக்க இருக்கப்போகும் கண்ணாடிப் பெட்டிக்கு ஒன்றுமில்லை. காரணம் எளிது. பைக்குள் செத்தால் நஷ்டம் விற்றவருக்கு. வீட்டில் செத்தால் வாங்கியவருக்கு. அதோடு, செத்த மீனுக்குப் பதில் இன்னொரு மீன் விற்கும்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள தொட்டி விளிம்பு வரை சுமார் 56 லிட்டர் பிடிக்கும். மணல், கல், மேலே விடும் இடம் போக 45 லிட்டர் தேறினால் அதிகம். கடையில் விரல் நீளம் இருக்கும் கோல்டு ஃபிஷ், நல்ல தண்ணீரில் 15 சென்டிமீட்டருக்கு மேல் வளரும், பத்து வருஷத்துக்கு மேல் வாழும். அந்த இரண்டடித் தொட்டி ஒரே ஒரு கோல்டு ஃபிஷ்ஷுக்கே ஆயுள் வீடாகாது. ஒன்பது என்றால் வாஸ்து யாருக்கு நல்லது செய்கிறதோ தெரியவில்லை, மீனுக்கில்லை.

பழைய புத்தகங்களில் ஒரு சூத்திரம் உண்டு: ஒரு கேலன் தண்ணீருக்கு ஓர் அங்குல மீன். நினைவில் வைக்க வசதி, ஆனால் தப்பு. மீன் நீளத்தில் மட்டும் வளர்வதில்லை. ஓரங்குல மீன் பத்தையும் பத்து அங்குல மீன் ஒன்றையும் இந்தச் சூத்திரம் சமமாக வைக்கிறது. உடல்வாகு ஒன்றே என்றால், அந்தப் பெரிய மீனின் எடை பத்துச் சின்ன மீன்களின் மொத்த எடையைப் போல நூறு மடங்கு. தின்பதும் கழிப்பதும் எடையை ஒட்டியே கூடும்.

மீன் அம்மோனியாவைப் பெரும்பாலும் செவுள் வழியாகவே வெளிவிடுகிறது. அதை நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவு கெடுதலில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுபவை ஃபில்டர் ஸ்பாஞ்சில் குடியேறும் பாக்டீரியாக்கள். புதுத் தொட்டியில் அவை பெருக நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். நம் வீடுகளிலோ தொட்டி, தண்ணீர், மீன் எல்லாம் ஒரே ஞாயிற்றுக்கிழமை வந்து சேர்கின்றன. பதினைந்து நாள் கழித்து, ‘சுத்தமாக இருக்கட்டும்’ என்று ஸ்பாஞ்சைக் குளோரின் தண்ணீரில் அலசிப் பிழிகிறார்கள். வந்து சேர்ந்திருந்த கொஞ்ச நஞ்சமும் போகும். ஆக, தொட்டி எத்தனை மீனைத் தாங்கும் என்பதில் பாதிப் பதில் அந்த ஸ்பாஞ்சில் இருக்கிறது.

மீதியில் பெரும்பகுதி தண்ணீரின் மேற்பரப்பில். சிலிகான் வைத்து ஆறு மில்லிமீட்டர் கண்ணாடியை ஒட்டிக்கொண்டிருந்த பெரியவர் இதைச் சட்டென்று சொல்லிவிட்டார். “எல்லாரும் ஒசரமா, ஒல்லியா கேக்குறாங்க சார், ஹால்ல நிக்க அழகா இருக்கும்னு. மூச்சு மேல இருந்துல்ல வரணும்? அகலம் வேணும்.” உருண்டை ஜாடியைக் கழுத்து வரை நிரப்பினால் மேற்பரப்பு சுருங்கிவிடும். இத்தாலியின் மோன்சா நகரம் 2004இல் கோல்டு ஃபிஷ்ஷை அத்தகைய ஜாடியில் வைப்பதற்குத் தடை போட்டது. அடுத்த ஆண்டு ரோம். நம் நாட்டில் 2017இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் வண்ணமீன் கடைகளுக்கு விதிகள் கொண்டுவந்தது. ஜாடியில் மீன் வைக்கக் கூடாது என்பதும் அதில் இருந்தது. ஏராளமான மீன் வகைகளின் விற்பனைக்கும் சேர்த்துத் தடை போட்டதால் தொழிலே முடங்கும் என்று வியாபாரிகள் எதிர்த்தார்கள்; விதிகள் திரும்பப் பெறப்பட்டன. அகலமாக வீசிய வலையில் நல்ல விதியும் சேர்ந்து போனது.

ஃபைட்டர் மீன்களைக் குட்டிக் கண்ணாடிக் குப்பிகளில் வரிசையாக அடுக்கி வைத்திருந்தார்கள். அது காற்றை நேரடியாக விழுங்கி மூச்சுவிடக் கூடிய இனம் என்பதால் சாவதில்லை. சாகவில்லை என்பதே வாழ்கிறது என்றாகிவிடுமா? ஆண் ஃபைட்டரைத் தனியே வைப்பது சரி. திரும்பக்கூட இடமில்லாமல் வைப்பது வேறு.

குறைவாக விடுவதும் சில நேரம் கொடுமைதான். நியான் டெட்ரா கூட்டமாக வாழ்வது; இரண்டு மட்டும் வாங்கிவிட்டால் மூலையில் பயந்து ஒடுங்கும். டைகர் பார்ப் குறைவாக இருந்தால் மற்ற மீன்களின் துடுப்பைக் கடிக்கும். கப்பியில் இன்னொரு சங்கதி: பெண் கப்பி ஒரு முறை சேர்ந்தால் போதும், விந்தைச் சேமித்து வைத்து மாதத்துக்கொரு முறையாகப் பல ஈடு குஞ்சு போடும். இன்று நீங்கள் எண்ணி விட்ட எண்ணிக்கை மூன்று மாதத்தில் உங்களுடையதாக இருக்காது.

“மீனுக்கு என்ன சார் தெரியும்?” என்றார் ஒரு கடைக்காரர். லின் ஸ்னெட்டன் என்ற ஆய்வாளரும் குழுவினரும் 2003இல் வெளியிட்ட ஆய்வில், உதட்டில் அமிலம் செலுத்தப்பட்ட டிரவுட் மீன்கள் உதட்டைத் தொட்டிக் கற்களில் தேய்த்தன. தீனி எடுக்கவும் நேரமாயிற்று. வலி தெரியும் என்றே வைத்துக்கொள்வது நல்லது.

கடைக்காரர்களைக் கெட்டவர்கள் என்று சொல்லவில்லை. வாடகையும் கரண்ட் பில்லும் நெருக்கும் தொழில் இது. அவர்களிடம் கேட்பது ஒன்றே: விலைச் சீட்டில் இரண்டு எண்களைச் சேர்த்து எழுதுங்கள். வளர்ந்த மீன் எத்தனை சென்டிமீட்டர், அதற்குக் குறைந்தது எத்தனை லிட்டர். பைக்குக் கணக்குப் போடத் தெரிந்தவர்களுக்கு இது பெரிய வேலையில்லை.

வாங்குகிறவர்கள் தொட்டியை முதலில் வாங்குங்கள். கடைத் தொட்டியில் பல மாதம் ஓடிய ஸ்பாஞ்ச் ஒன்றைக் கேட்டு வாங்கிப் போட்டு, சின்ன மீன்களின் ஒரு சிறு கூட்டத்தோடு தொடங்குங்கள். 45 லிட்டருக்கு எட்டு, பத்து டெட்ரா போதும். அதையும் சில வாரங்களில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். கோல்டு ஃபிஷ்தான் வேண்டுமென்றால் நாலடித் தொட்டிக்கு இடம் இருக்கிறதா என்று முதலில் வீட்டை அளந்துவிட்டு, பிறகு கொளத்தூருக்கு வண்டி ஏறுங்கள்.