வரிசையில் வைத்த கல்

மண்ணெண்ணெய் வாங்குவதற்காக ரேஷன் கடை வாசலில் விடியற்காலையிலேயே போய் நின்ற அனுபவம் வாசகர்களில் பலருக்கும் இருக்கும். எனக்கும் உண்டு. கடை பத்து மணிக்குத் திறக்கும். வரிசையோ ஆறு மணிக்கே தொடங்கிவிடும். வந்தவர்கள் எல்லோரும் அங்கேயே நிற்பதில்லை. ஒருவர் செங்கல் துண்டை வைப்பார்; இன்னொருவர் காலி டின்னை வைப்பார். வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தம் வேலைகளை முடித்துக்கொண்டு, கடை திறக்கும் வேளையில் திரும்பி வருவார்கள். சிறுவனாகிய நான், எனக்கு முன்னால் நான்கு பேர்தான் நிற்கிறார்கள் என்று எண்ணி மகிழ்ந்துகொண்டிருப்பேன். கதவு திறந்ததும் ஒவ்வொரு கல்லுக்கும் ஓர் ஆள் முளைத்து வருவார். நான்கு, பதினான்காகிவிடும்.

அந்தக் கற்களை மறுபடியும் நான் கண்ட இடத்தைச் சொன்னால் வியப்படைவீர்கள். அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில், ஆர்லாண்டோ நகருக்கு அருகில், 1971 அக்டோபர் 1ஆம் நாள் திறக்கப்பட்ட வால்ட் டிஸ்னி வேர்ல்டு என்னும் கேளிக்கைப் பூங்காவில்தான் அவற்றைக் கண்டேன்.

என் தம்பி அதே மாநிலத்தில் டாம்பா நகரில் கணினித் துறையில் பணியாற்றுகிறான். 2024 டிசம்பரில், மதரஸாவில் விடுப்புப் பெற்று, உம்மாவை அழைத்துக்கொண்டு அவன் வீட்டுக்குச் சென்றிருந்தேன். உம்மாவுக்கு வயது எழுபத்து மூன்று. நடப்பார்கள், ஆனால் ஓரிடத்தில் நெடுநேரம் நிற்க இயலாது. மூட்டு வலி. பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை ஆதலால் ஒருநாள் எல்லோருமாக ஆர்லாண்டோ போவதென்று முடிவாயிற்று.

பூங்கா என்றவுடன் நம் ஊர்ப் பூங்காவை நினைத்துக்கொள்ளாதீர்கள். ஏறத்தாழ நூறு சதுர கிலோமீட்டர் பரப்பு. அதற்குள் நான்கு பெரும் பூங்காக்களும், பல விடுதிகளும், ஏரிகளும் உள்ளன. நாங்கள் சென்றது அவற்றுள் மூத்ததான மேஜிக் கிங்டம். காரை நிறுத்திய இடத்திலிருந்து ஏரியைக் கடந்துதான் அங்கே போக வேண்டும். படகில் போகலாம், உயரே ஒற்றைத் தண்டவாளத்தில் ஓடும் மோனோ ரயிலிலும் போகலாம். தொலைவில் கோட்டையின் கோபுரங்கள் தெரிந்தபோது என் தம்பி மகள் துள்ளிக் குதித்தாள். உண்மையைச் சொல்வதானால், இந்தப் பெரியவாப்பாவின் மனமும் சற்றுத் துள்ளத்தான் செய்தது.

போவதற்கு மூன்று நாட்களுக்கு முன்பு, காலை ஏழு மணிக்குத் தம்பி கைப்பேசியும் கையுமாக உட்கார்ந்திருந்தான். என்ன என்று கேட்டேன். "லைட்னிங் லேன் போடுகிறேன், காக்கா" என்றான். லைட்னிங் லேன் என்றால் மின்னல் பாதை என்று பொருள். எந்த ராட்டினத்தில் எந்த நேரத்தில் ஏறுவது என்று முன்கூட்டியே பதிவு செய்துகொண்டால், அந்த நேரத்தில் போய்த் தனி வாயில் வழியே நுழைந்துவிடலாம். நுழைவுக் கட்டணம் வேறு. இதற்குத் தலைக்கு இத்தனை டாலர் என்று தனிக் கட்டணம். "உங்களுக்கும் உம்மாவுக்கும் சேர்த்துப் போட்டுவிடவா?" என்று கேட்டான். நான் டாலரை ரூபாயாக்கிப் பார்த்தேன். உம்மா ஏறக்கூடியவை இரண்டோ மூன்றோதான். எங்களுக்கு வேண்டாம், பிள்ளைகளுக்குப் போட்டால் போதும் என்று கூறிவிட்டேன். அவன் வற்புறுத்தினான். நான் மூத்தவன் என்ற மிடுக்கில் மறுத்தேன்.

அங்கே, சிறு படகில் அமர்ந்து பல நாட்டுப் பொம்மைகளைப் பார்த்தவாறு செல்லும் காட்சி ஒன்று உண்டு. 1964இல் நியூயார்க் உலகக் கண்காட்சிக்காக முதலில் உருவாக்கப்பட்ட காட்சி அது. உம்மாவுக்கு ஏற்றது அதுவே என்று நானும் உம்மாவும் பொது வரிசையில் சேர்ந்தோம். காத்திருக்க வேண்டிய நேரம் ஐம்பது நிமிடம் என்று பலகையில் எழுதியிருந்தது. கம்பிகளுக்கிடையே வளைந்து வளைந்து செல்லும் பாதை. பக்கத்திலேயே இன்னொரு பாதை, ஏறக்குறைய வெறுமையாக. அதில் ஒரு குடும்பம் வரும். கைப்பட்டையையோ கைப்பேசியையோ ஒரு கம்பத்தில் காட்டும். நில்லாமல் நடந்து போகும். சற்று நேரத்தில் இன்னொரு குடும்பம். பிறகு வந்தவர்கள் எங்கள் வீட்டார்! தம்பி மகள் எங்களைக் கண்டு, "வாப்பும்மா!" என்று கூவிக் கையசைத்துக்கொண்டே கடந்து போனாள். தம்பி என் முகத்தைப் பார்க்கவில்லை.

உம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை மாற்றி மறுகாலில் நின்றபடி சொன்னார்கள்: "நம்மூர் ரேஷன் கடையில் கல் வைப்பார்களே, அதே கதைதான். இங்கே கல்லுக்குக் காசு."

எவ்வளவோ படித்தவர்கள் கணக்குப் போட்டு அமைத்த ஏற்பாட்டை உம்மா இரண்டு வாக்கியங்களில் முடித்துவிட்டார்கள். ஊருக்குத் திரும்பிய பின் அதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். படித்தவற்றில் சிலவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

தொடக்கத்தில் முன்பதிவே கிடையாது. கலிஃபோர்னியாவில் 1955இல் திறந்த டிஸ்னிலேண்டிலும், பின்னர் ஃப்ளோரிடாவிலும், சீட்டுப் புத்தகம் விற்றார்கள். ஏ, பி, சி என்று தொடங்கிய தரவரிசை 1959இல் இ வரை வளர்ந்தது. பெரிய ராட்டினங்களுக்கு இ சீட்டு. புத்தகத்தில் இருப்பவை சில இ சீட்டுகள்தாம். அவை தீர்ந்த பின் கையிலிருக்கும் ஏ, பி சீட்டுகளை வீணாக்க மனமின்றி மக்கள் சின்னஞ்சிறு காட்சிகளுக்கும் போவார்கள். இதனால் கூட்டம் தானாகவே பரவியது. 1982இல் இந்த முறை கைவிடப்பட்டது. வாயிலில் ஒருமுறை பணம் கட்டினால் எதில் வேண்டுமானாலும், எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறலாம் என்றாயிற்று. எல்லோரும் பெரிய ராட்டினங்களையே நாடினார்கள். வரிசைகள் நீண்டன.

அதற்கு மருந்தாக 1999இல் ஃபாஸ்ட்பாஸ் வந்தது. அது இலவசம். ராட்டினத்தின் அருகே ஓர் இயந்திரம் நிற்கும். அதில் நுழைவுச்சீட்டைச் செருகினால், பிற்பகல் 2.10 முதல் 3.10க்குள் வருக என்பதுபோல் ஒரு துண்டுச்சீட்டைத் தரும். நிற்கும் நேரத்தில் உலாவலாம், உண்ணலாம், கடைகளைப் பார்க்கலாம். எவ்வளவு நல்ல யோசனை! ஆனால் அது தீர்க்காத கணக்கு ஒன்று உண்டு.

ஒரு ராட்டினம் மணிக்கு 1,000 பேரை ஏற்றும் என்று உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். உங்களுக்கு முன் 600 பேர் நிற்கிறார்கள். ஒரே வரிசையானால் 36 நிமிடத்தில் உங்கள் முறை வரும். அந்த 1,000 இடங்களில் 800 இடங்களை முன்பதிவுக்காரர்களுக்கு ஒதுக்கிவிட்டால், நிற்பவர்களுக்கு மிஞ்சுவன 200. அதே 600 பேருக்குப் பின் நிற்கும் உங்களுக்கு மூன்று மணி நேரம் ஆகும். ராட்டினம் ஒரு சுற்றுக்கூட அதிகமாகச் சுற்றவில்லை என்பதைக் கவனியுங்கள்.

"முன்பதிவு செய்தவர்கள் வரிசையை விட்டு விலகிவிட்டார்களே, ஆகவே வரிசையும் குறையுமல்லவா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. விலகியவர்கள் மர நிழலில் உட்கார்ந்திருந்தால் குறையும்தான். அவர்கள் உட்காருவதில்லை. இங்கே சீட்டை வைத்துவிட்டு, அந்த நேரத்தில் இன்னொரு ராட்டினத்தின் பொது வரிசையில் போய் நிற்கிறார்கள். கல் ஓரிடத்தில் காத்திருக்கிறது. ஆள் வேறோர் இடத்தில் காத்திருக்கிறார். ஒருவரே இரண்டு வரிசைகளில் நிற்கிறார் என்றால், எல்லா வரிசைகளும் நீளாமல் என்ன செய்யும்? எஞ்சியோர் நடைபாதைகளை நிறைக்கிறார்கள். வரிசை என்பது வெறும் துன்பம் என்றே நாம் எண்ணுகிறோம். ஆயிரக்கணக்கானோரை ஒழுங்காக அடக்கி வைத்திருக்கும் கூடமும் அதுவே. அதைக் காலி செய்தால் அந்த ஜனங்கள் தெருவுக்கு வருவார்கள்.

2014இல் இயந்திரங்களுக்குப் பதிலாகக் கைப்பட்டையும் கைப்பேசியும் வந்து, ஃபாஸ்ட்பாஸ் பிளஸ் என்று பெயர் மாறியது. பூங்காவின் விடுதியில் தங்குவோர் 60 நாட்களுக்கு முன்பும், மற்றவர்கள் 30 நாட்களுக்கு முன்பும் மூன்று காட்சிகளைப் பதிவு செய்யலாம். இரண்டு மாதங்கள் கழித்துப் பிற்பகல் 2.10க்குத் தம் குழந்தை எதில் ஏற விரும்பும் என்பதைப் பெற்றோர் முன்னரே அறிந்திருக்க வேண்டுமாம்! கடற்கொள்ளையர் படகு, பேய் மாளிகை போன்றவற்றுக்கும் முன்பதிவு வந்தது. அவை இடைவிடாமல் ஆட்களை ஏற்றிச் செல்பவை. அதனால் அதிகம் காத்திராமலே ஏற முடிந்தவை. இடங்களில் ஒரு பங்கு ஒதுக்கப்பட்டதும் அங்கேயும் பொது வரிசை வளர்ந்தது.

எல்லோருக்குமே கல் கொடுத்துவிட்டால் என்ன? அதையும் அருகிலேயே செய்து பார்த்தார்கள். ஆர்லாண்டோவிலேயே யுனிவர்சல் நிறுவனம் 2017 மே மாதம் வால்கனோ பே என்னும் நீர்ப் பூங்காவைத் திறந்தது. வருவோர் ஒவ்வொருவர் கையிலும் ஒரு பட்டை. சறுக்கு வாயிலில் அதைத் தொட்டால் முறை வரும்போது அழைக்கும். வரிசையே இல்லாத பூங்கா என்றார்கள். ஆனால் தொடக்க வாரங்களில் சில சறுக்குகளுக்குப் பல மணி நேரம் கழித்தே அழைப்பு வந்தது. ஒரு சமயத்தில் ஒன்றுக்குத்தான் பதியலாம். ஆகவே வந்தவர்கள் எல்லோரும் கரையிலும் குளத்திலும் நெருக்கிக்கொண்டு காத்திருந்தார்கள். 2019 டிசம்பரில் டிஸ்னியின் இன்னொரு பூங்காவில் ஒரு புதிய விண்வெளிக் காட்சியைத் திறந்து, பூங்காவுக்குள் நுழைந்த பிறகே கைப்பேசியில் குழு எண் பெறலாம் என்று விதித்தார்கள். எண்கள் சில நிமிடங்களில் தீர்ந்துபோகும். ஆகவே மக்கள் விடியுமுன்பே வாயிலில் திரண்டார்கள். காட்சியின் முன் நிற்க வேண்டிய கூட்டம், இருட்டில், வாயிலில் நின்றது.

தொற்றுக்காலத்தில், 2020 மார்ச்சில் மூடிய பூங்கா ஜூலையில் திறந்தபோது இலவச முன்பதிவு திரும்பி வரவில்லை. 2021 அக்டோபரில் அதன் இடத்தில் கட்டண முறை வந்தது. ஆரம்ப விலை நாளொன்றுக்குத் தலைக்கு 15 டாலர். பின்னர் நாளுக்கு நாள் விலை மாறலாயிற்று. 2024 இறுதியில் நேரக் கட்டுப்பாடே இல்லாத உயர்தரச் சீட்டு ஒன்றும் வந்தது. மேஜிக் கிங்டத்தில் அதன் விலை நெருக்கடியான நாட்களில் 449 டாலர் வரை அறிவிக்கப்பட்டது. நுழைவுக் கட்டணம் இதில் சேராது. காகிதச் சீட்டின் காலத்தில் விரைந்து நடப்பவருக்கு ஆதாயம். கைப்பட்டையின் காலத்தில் முன்கூட்டித் திட்டமிடுவோருக்கு ஆதாயம். இப்போது யாருக்கு என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். இலவசமாயிருந்தபோது எல்லோரும் கல் வைத்தார்கள். விலை வைத்ததும் கற்கள் குறையக்கூடும். அதனால் பொது வரிசை சற்று வேகமாக நகரவும் கூடும். எங்கள் ஐம்பது நிமிடம் உண்மையில் நாற்பத்தைந்தில் முடிந்தது.

என் மனத்துக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு வேறொன்று. பறக்கும் யானைக் குட்டியாகிய டம்போவின் ராட்டினத்தில் 16 யானைகள். சிறு குழந்தைகள் வெயிலில் நின்று அழும் இடமாக அது இருந்ததாம். 2012இல் அதை இடம் மாற்றியபோது, அருகருகே இரண்டு ராட்டினங்களாக ஆக்கினார்கள். காத்திருப்பவர்களுக்குக் கூடாரம் அமைத்து, உள்ளே குழந்தைகள் ஏறி விளையாடும் கட்டமைப்பு ஒன்றையும் வைத்தார்கள். பெற்றோர் கையில் ஓர் அழைப்புக் கருவி. அது ஒலிக்கும்வரை பிள்ளைகள் விளையாடலாம், பெரியவர்கள் உட்காரலாம். வந்தவர்கள் கூடாரத்துக்குள்ளேயே இருந்ததால் ஒருவர் இரண்டு இடங்களில் காத்திருக்க வழியில்லை. அதோடு ஏறும் இடங்களும் மெய்யாகவே இரட்டிப்பாயின.

படகுக் காட்சியிலிருந்து வெளியே வந்தபோது உம்மாவின் முழங்கால் வீங்கியிருந்தது. அதற்கு மேல் எதிலும் ஏறவில்லை. ஒரு பெஞ்சில் நாங்கள் இருவரும் அமர்ந்து, போவோர் வருவோரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மாலையில் தம்பி வந்து உம்மாவின் காலடியில் உட்கார்ந்து, பிள்ளைகள் ஏழு காட்சிகள் பார்த்துவிட்டதாகச் சொன்னான். பிறகு மெதுவாக, "உங்களுக்கும் போட்டிருக்க வேண்டும், உம்மா. நான் காக்கா பேச்சைக் கேட்டிருக்கக் கூடாது" என்றான். உம்மா அவன் தலையைத் தடவிக்கொண்டே, "போட்டிருந்தால் எனக்குப் பின்னால் நின்ற அந்தப் புள்ளைத்தாய்ச்சிப் பெண்ணுக்கு இன்னும் நேரமாகியிருக்கும்" என்றார்கள். எங்களுக்குப் பின்னால் அப்படி ஒரு பெண் நின்றதை நான் கவனித்திருக்கவில்லை.

இரவு வாணவேடிக்கை முடிந்ததும் எல்லோரும் ஒரே சமயத்தில் படகுத்துறைக்கு வந்து சேர்ந்தார்கள். ஏரியைக் கடக்கும் அந்தப் பெரிய படகில் ஒரு தடவைக்குப் பல நூறு பேர் ஏறலாம். அதற்கு மின்னல் பாதை கிடையாது. முதல் படகு எங்கள் கண்ணெதிரே நிறைந்து புறப்பட்டது. தம்பி மகள் என் தோளில் தூங்கிவிட்டாள். அடுத்த படகின் விளக்குகள் தொலைவில் தெரிந்தன.

"இதற்கு எத்தனை நிமிடம்?" என்று உம்மா கேட்டார்கள். பலகை ஏதும் அங்கே இல்லை.